சொல்லிட்டுப் போங்க, அறிவிப்பாளரே!

நம்ம பக்கத்தில் ஒருத்தர் ரிடையர் ஆனால் என்ன நடக்கும்? சர்க்கரை ஆலை ஃபிட்டரோ, ஸ்கூல் பியூனோ, யாராக இருந்தாலும் ஓர் ஆளுயர மாலை. ஒரு சால்வை. நாலு பேர் மைக்கைப் பிடித்து, மனுஷன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது 'அன்னாரின் சேவை' என்று பேசிக் கலவரப்படுத்துவார்கள். அப்புறம் லட்டு, காராசேவு, குரூப் போட்டோ. ஆக மொத்தம், 'இவர் நாளையிலிருந்து வரமாட்டார்' என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

இருபது வருஷம் மைக் முன்னாலேயே உட்கார்ந்து பேசிய வானொலி அறிவிப்பாளர் போகும்போது? பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. நேற்று வரை 'வணக்கம் நேயர்களே' என்ற குரல் இன்று இல்லை. வேறொரு குரல் வணக்கம் சொல்லும். அவ்வளவுதான்.

மூங்கில்துறைப்பட்டு மாதிரி ஊர்களில் இதன் விளைவு டீக்கடையில்தான் தெரியும்.

"ஏம்பா, காலையில பேசுமே ஒரு பொண்ணு, குரலையே காணோமே! கல்யாணம் கட்டிக்கிச்சா?"

"வெளியூருக்கு மாத்திட்டிருப்பாங்க பெரியப்பா."

"அட, போகறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல!"

சொல்லிட்டுப் போயிருக்கலாம்தான். சொல்லவிட வேண்டுமே! ரேடியோ நிலையத்தில் நிர்வாகம் மாறினாலும், கொள்கை மாறினாலும், ஆளைக் குறைத்தாலும் கடைசியில் தகவல் தெரிகிற ஆள் யார் என்றால் நேயர்தான். அவரைத்தான் 'அன்பான' என்று தினம் முப்பது தடவை கூப்பிடுகிறார்கள்!

முதல் லே-ஆஃப் ஹார்மோனியத்துக்கு!

இந்தியாவில் ரேடியோ நிர்வாகம் முதலில் சீட்டைக் கிழித்தது ஓர் ஆளுக்கு அல்ல, ஒரு பெட்டிக்கு. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. நம் சங்கீதத்தின் கமகத்துக்கு அது ஒத்துவராது என்பது காரணம். 1971 வரை அந்தப் பெட்டிக்கு ஸ்டூடியோவுக்குள் இடமில்லை. அதை நம்பி வயிறு வளர்த்த வாத்தியக்காரர்களை யாரும் 'நீக்க'வில்லை, வாத்தியத்தை நீக்கினார்கள். இந்த டெக்னிக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்தார். சாஸ்திரிய சங்கீதத்தின் மேல் உயிர். சினிமாப் பாட்டு என்றால் வேப்பங்காய். அவர் காலத்தில் சினிமாப் பாட்டு முதலில் குறைந்தது, பிறகு காணாமலே போனது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை. ரேடியோவின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினார்கள். ராணுவத்துக்காக நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் அப்போது ரேடியோ சிலோன் கையில் இருந்தது. கொழும்பிலிருந்து அடித்தால் இமயமலை வரை கேட்கும். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அங்கிருந்துதான் வடக்கத்திக்காரர்களை வாராவாரம் கட்டிப்போட ஆரம்பித்தது. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் மயில்வாகனத்தின் குரல் சம்பந்தி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

டெல்லிக்கு ஞானம் பிறக்க ஐந்து வருஷம் ஆயிற்று. 1957 அக்டோபர் 3-ல் 'விவித் பாரதி' பிறந்தது. சினிமாப் பாட்டு கதவைத் தட்டாமலே திரும்ப உள்ளே வந்துவிட்டது.

கேஸ்கரை வில்லனாக்கிவிட்டுப் போனால் பாவம் பிடிக்கும். சங்கீத வித்வான்களுக்கு கிரேடு கொடுத்ததும், 1952-ல் தேசிய இசை நிகழ்ச்சியை ஆரம்பித்ததும் அவர் காலம்தான். சபாக்களுக்கு வராத கிராமத்துக் காதுக்கும் கச்சேரி கேட்டது. தவறு ரசனையில் இல்லை. 'உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும், உன்னை எதுக்குக் கேக்கணும்?' என்ற மனப்பான்மையில்தான் தவறு.

முதலாளி மாறினார், பழக்கம் மாறவில்லை

'சர்க்கார் கையில் இருப்பதால்தான் இப்படி, தன்னாட்சி கொடுத்தால் சரியாகிவிடும்' என்று பல காலம் பேசினார்கள். 1990-ல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வர 1997 ஆகிவிட்டது. ரேடியோவும் தூர்தர்ஷனும் கார்ப்பரேஷன் கைக்கு வந்தன.

2018 டிசம்பர் கடைசியில் அந்தக் கார்ப்பரேஷன் ஓர் உத்தரவு போட்டது. 1980-களில் தொடங்கி, இரவெல்லாம் தேசம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த தேசிய அலைவரிசை மூடல். அகமதாபாத், ஹைதராபாத், லக்னோ, ஷில்லாங், திருவனந்தபுரம் ஆகிய ஐந்து ஊர்களில் இருந்த பயிற்சி மையங்களும் மூடல். சிக்கனம் என்றார்கள். எப்போதிலிருந்து? உடனடியாக!

ராத்திரி ரேடியோவை நம்பி இருந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். லாரி டிரைவர், வாட்ச்மேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் தூக்கம் வராமல் புரள்கிறவர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கரண்டுக்காகக் காத்திருக்கிற விவசாயி. அவர்களில் ஒருவரிடமாவது 'மூடலாமா அய்யா?' என்று கேட்டிருப்பார்களா?

ஆறு நாள் மாப்பிள்ளைகள்

நிரந்தர ஊழியருக்காவது வேறு ஊர், வேறு நாற்காலி கிடைக்கும். அகில இந்திய வானொலியில் இன்னொரு ஜாதி உண்டு: 'கேஷுவல் அனவுன்சர்'. நிரந்தரப் பதவிகளில் இருந்தவர்கள் ஓய்வு பெறப் பெற, அந்த இடங்கள் நிரம்பாமல் கிடக்கக் கிடக்க, பல நிலையங்களின் குரலே இவர்கள்தான் என்று ஆகிவிட்டது. குரல் தேர்வு உண்டு, உச்சரிப்புத் தேர்வு உண்டு, எல்லாம் உண்டு. வேலை? மாதத்துக்கு ஆறு நாள்தான். அதற்கு மேல் கொடுத்தால் பிற்பாடு 'நிரந்தரம் பண்ணு' என்று கேட்டுவிடுவார்களே! கேட்கவும் செய்தார்கள். கோர்ட் படி ஏறினார்கள், டெல்லியில் போய் தர்ணா உட்கார்ந்தார்கள்.

இவர்களை யாரும் டிஸ்மிஸ் செய்வதில்லை. நோட்டீஸ், நஷ்டஈடு எதுவும் கிடையாது. அடுத்த மாதம் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான் விஷயம்! ஹார்மோனியத்துக்குச் செய்த அதே டெக்னிக். ஆளை நீக்க வேண்டாம், அவர் பெயர் இல்லாமல் டூட்டி சார்ட்டைப் போட்டால் போதும்.

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் சீசன் தொழிலாளிக்குக் கூட ஒரு கணக்கு தெரியும். அரவை எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று. சங்கு ஊதினால் ஊருக்கே கேட்கும். மைக்கில் வாழ்கிறவருக்கு அந்தச் சங்கும் இல்லை. ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவருக்குத் தன் செய்தி மட்டும் தெரியாது.

மார்கழியில் நின்ற 'ஸ்ருதி'

'தனியார்கிட்ட விட்டுப் பாருங்க, சும்மா ஜம்முன்னு நடத்துவாங்க' என்பார் டீக்கடைப் பொருளாதார நிபுணர். நடத்தினார்களே! வேர்ல்ட்ஸ்பேஸ் என்று ஒரு சாட்டிலைட் ரேடியோ. ஏ.ஆர்.ரஹ்மானே விளம்பரத்தில் வந்தார். தனி ரிசீவர், வருஷச் சந்தா. கர்நாடக சங்கீதத்துக்கு 'ஸ்ருதி', தமிழுக்கு 'கே.எல். ரேடியோ', ஜாஸுக்கு 'ரிஃப்'. விளம்பரத் தொல்லை இல்லாமல் நாள் முழுக்கப் பாட்டு.

2008 அக்டோபரில் அமெரிக்காவில் தாய்க் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டது. வாங்க வந்த கம்பெனிக்கு இந்தியக் கிளை வேண்டாமாம். 2009 டிசம்பர் 31-ம் தேதி இந்தியாவில் அத்தனையும் நின்றது. சந்தாதாரர்களுக்குத் தகவல் வந்தது கடைசிச் சில நாட்களில். சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருக்க, 'ஸ்ருதி' ஊமையானது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ரிசீவர் ஷோகேஸில் பேப்பர் வெயிட் ஆனது. நிகழ்ச்சி தயாரித்தவர்கள் வேலை தேடிக் கிளம்பினார்கள்.

சர்க்கார் என்றாலும், கார்ப்பரேஷன் என்றாலும், கம்பெனி என்றாலும் ஒரே கதைதான். முடிவு மேலே, தகவல் கடைசியில்.

எழுபது லட்சம் டாலர் 'நேயர் விருப்பம்'

கதை வேறு மாதிரி முடிந்த ஓர் ஊரும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் டகோமா, அதற்குப் பக்கத்தில் சியாட்டில். அங்கே கே.பி.எல்.யூ. என்று ஒரு பொது வானொலி. செய்தியும் ஜாஸும் அதன் சரக்கு. ஜாஸ் என்றால் பயப்பட வேண்டாம். நம்ம நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு, எழுதி வைக்காததை எல்லாம் அந்த நிமிஷத்தில் வாசித்துக்கொண்டே போவாரே, தவில்காரர் எதிர்ப்பாட்டுக்கு அடிப்பாரே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கறுப்பின மக்கள் உலகத்துக்குக் கொடுத்த சீதனம். சினிமாப் பாட்டு அளவுக்குக் கூட்டம் சேராது. ஆனால் கேட்கிறவர்கள் உயிரை விடுவார்கள்.

நிலையத்தின் சொந்தக்காரர் பசிபிக் லூத்தரன் பல்கலைக்கழகம். 2015 நவம்பரில் திடீரென்று, 'நிலையத்தை வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு விற்கிறோம்' என்று அறிவித்தது. வாங்குபவரிடம் ஏற்கெனவே கே.யூ.ஓ.டபிள்யூ. என்ற செய்தி வானொலி இருந்தது. ஆகவே இங்கே செய்திப் பிரிவு தேவையில்லை. அலைவரிசையில் ஜாஸ் மட்டும் ஓடட்டும் என்பது திட்டம். ஊழியர்கள் திகைத்துப் போனார்கள்.

நேயர்கள் கொதித்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து 'எங்களைக் கேட்டீங்களா?' என்று கேட்டார்கள். அந்தக் கூச்சலில் ஒரு நல்லது நடந்தது. 'சரி, 2016 ஜூன் 30-க்குள் 70 லட்சம் டாலர் திரட்டினால் நிலையத்தை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்' என்று அவகாசம் கிடைத்தது. நன்கொடைகள் வந்து குவிந்தன. மே மாதக் கடைசியிலேயே தொகை சேர்ந்துவிட்டது! அந்த ஆகஸ்ட் முடிவில் கே.என்.கே.எக்ஸ். என்ற புதுப் பெயரோடு நிலையம் நேயர்களின் அமைப்புக்குச் சொந்தமானது. செய்தியும் நிற்கவில்லை, ஜாஸும் நிற்கவில்லை.

'அமெரிக்காவில் டாலர் காய்க்கிறது, நமக்கு முடியுமா?' என்பீர்கள். டாலரை விடுங்கள், காலண்டரைப் பாருங்கள். அவர்களைக் காப்பாற்றியதில் பணத்துக்கு முன்னால் வந்தது அவகாசம். சொன்னார்கள், சில மாதங்கள் கொடுத்தார்கள், நேயர்கள் செய்து காட்டினார்கள். ஐந்தாறு நாள் மட்டும் கொடுத்திருந்தால் அவர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு டீ குடித்திருப்பார்கள்.

விடைபெறும் உரிமை

மூடித்தான் ஆக வேண்டும் என்றாலும் முறை இருக்கிறது. பி.பி.சி. தமிழோசை 1941 மே 3-ல் ஆரம்பித்தது. 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் சோ.சிவபாதசுந்தரம். 2017 ஏப்ரல் 30-ல் அதன் சிற்றலை வானொலி ஒலிபரப்பு நின்றது. எழுபத்தாறு வருஷம்! முன்கூட்டியே சொன்னார்கள். ரேடியோப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினாலும், 'போய் வாங்க' என்று சொல்ல நேயர்களுக்கு ஒரு நாள் இருந்தது.

நாம் கேட்பது பெரிய சொத்து இல்லை. பொதுப் பணத்தில் நடக்கிற எந்த வானொலியும் ஒரு அலைவரிசையை மூடவோ, மாற்றவோ போகிறது என்றால் ஆறு மாதம் முன்னால் அதே அலைவரிசையில் அறிவிக்கட்டும். நேயர்களைக் கேட்கட்டும். போகிற அறிவிப்பாளருக்கு, அவர் ஆறு நாள் ஆளாக இருந்தாலும், கடைசி நாளில் ஐந்து நிமிஷம் மைக் கொடுக்கட்டும். செலவு? ஒரு பாட்டின் நேரம்.

நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. நிலையம் மூடிய பிறகு 'ஐயோ' என்று எழுதுகிற நூறு கடிதங்களைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போது 'உங்க குரல் நல்லா இருக்கு, நாளைக்கும் வாங்க' என்று எழுதுகிற ஒரு போஸ்ட் கார்டுக்கு வலு அதிகம். மேலே உட்கார்ந்திருப்பவர் 'யார் இதையெல்லாம் கேக்கறாங்க?' என்று கேட்கும்போது, நிலையத்தார் எடுத்து நீட்ட ஏதாவது வேண்டாமா?

இத்தனை வருஷம் அவர்கள் நம் விருப்பத்தைக் கேட்டுப் பாட்டுப் போட்டார்கள். ஒரு தடவை, கேட்காமலே நாம் விருப்பத்தைச் சொல்லி வைப்போமே!