முதியோர் நலக் கொள்கையில் தேவையும் எதிர்பார்ப்பும்

முதியோர் நலக் கொள்கை என்பது, முதுமையில் உழைக்க இயலாதவர்களுக்கு வருவாய், உணவு, மருத்துவம், பாதுகாப்பு ஆகியவை கிடைக்க அரசு வகுக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். இந்திய அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, முதுமையில் அரசின் உதவி பெறுவதைத் தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இது வழிகாட்டு நெறியே ஆதலால், இதனை மட்டும் கொண்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது.

கருத்துரு

தேவை அளக்கத்தக்கது: அரிசி, மருந்து, பணம் முதலியன. எதிர்பார்ப்பு என்பது, நாளையும் தனக்கு வீட்டிலும் ஊரிலும் இடம் உண்டு என்னும் நம்பிக்கை ஆகும். ஐக்கிய நாடுகள் அவை 1991இல் ஏற்ற முதியோருக்கான கோட்பாடுகள் தற்சார்பு, பங்கேற்பு, பராமரிப்பு, தன்னாற்றல் நிறைவு, கண்ணியம் என ஐவகைப்படும். இவற்றுள் பராமரிப்பு பெரிதும் தேவையைச் சார்ந்தது. ஏனையவை எதிர்பார்ப்பையும் தழுவியவை.

தமிழ்நாட்டில் ஓய்வூதியம்

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் ஏப்ரல் 1, 1962 அன்று மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. 1983இல் ஓய்வூதியம் பெறுவோருக்கும் சத்துணவு விரிவுபடுத்தப்பட்டது. நடுவண் அரசின் திட்டம் 1995இல் மாதம் 75 ரூபாயுடன் தொடங்கியது. மாநிலத்தில் வழங்கப்படும் தொகை 2011இல் 1000 ரூபாயாகவும், 2023இல் 1200 ரூபாயாகவும் உயர்ந்தது. 2023இல் 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு இதில் நடுவண் அரசின் பங்கு 200 ரூபாய் மட்டுமே. எஞ்சியதை மாநிலம் ஏற்றது.

செங்கல்பட்டு மாவட்டம்

காஞ்சிபுரத்திலிருந்து நவம்பர் 29, 2019 அன்று பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் உட்பகுதியில் ஏரிப்பாசன வேளாண்மையும், மாமல்லபுரம் கடற்கரையில் மீன்பிடித் தொழிலும் கற்சிற்பத் தொழிலும் உள்ளன. மூன்றும் உடல் வலிமையை நம்பியவை. தூசியும் உளியும் சிற்பியின் கண்ணையும் கையையும் தளர்த்துகின்றன. கடலுக்குச் செல்ல இயலாத மீனவர் கரையில் வலை செப்பனிடுகிறார். டிசம்பர் 26, 2004 ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. இத்தகைய பேரிடரில் படகையும் வலையையும் இழக்கும் முதியவருக்கு, மீண்டும் பொருளீட்டக் காலம் போதாது.

சட்டமும் தயக்கமும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன்படி பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இதனை விசாரிக்கிறது. பராமரிப்பதாகக் கூறிச் சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்டால், அவ்வாறான நிபந்தனையோடு செய்யப்பட்ட மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்கவும் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இங்குதான் தேவையும் எதிர்பார்ப்பும் முரண்படுகின்றன. ஓய்வூதியம் பெறத் தாம் ஆதரவற்றவர் எனக் காட்ட வேண்டும்; பராமரிப்புத் தொகை பெற மகன்மீதோ மகள்மீதோ முறையிட வேண்டும். பிள்ளை என்றேனும் பார்த்துக்கொள்வான் என நம்பும் தாய்க்கு இரண்டும் அந்த நம்பிக்கையைத் தானே கைவிடுவதாகத் தோன்றலாம். எனவே தேவை இருந்தும் விண்ணப்பிக்காதோர் உண்டு.

மாறாக, தவறாமல் வந்துசேரும் சிறுதொகையும் எதிர்பார்ப்பைக் காக்கும். மருந்துக்குக் கையேந்தாமலும், பேரப்பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கிக்கொடுத்தும் வாழ்பவர் குடும்பத்தில் தம் இடத்தை இழப்பதில்லை. ஆதலால் தொகையின் அளவோடு, அது உரிய நாளில் கிடைப்பதும், அதனைப் பெறக் குடும்பத்தைக் குறைகூற நேராதிருப்பதும் நலக் கொள்கையின் தரத்தை அளக்கும் அளவுகோல்கள் ஆகும்.