முதல் மழைத் தண்ணீர் ஏன் கறுப்பாக ஓடுகிறது? ரோட்டைக் கூட்டாவிட்டால் கெடுவது ஏரி!

சென்னை: கோடை முடிந்து முதல் மழை பெய்ததும் ரோட்டு ஓரமாக கறுகறுவென்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கே போகுது தெரியுமா? மழைநீர் கால்வாயில் இறங்கி, பல இடங்களில் ஏரியில்தான் போய் விழுகிறது.

சென்னை பைபாஸ் சாலை போரூர் ஏரியின் குறுக்கேதான் போகிறது. 2017 வறட்சியில் சென்னைக்கு குடிநீர் கொடுத்த ஏரிகளில் இதுவும் ஒன்று.

ரோட்டில் என்ன இருக்கு?

மண், தேய்ந்த டயர் தூள், பிரேக் தூள், வண்டிகளில் இருந்து சொட்டும் ஆயில். டயர் தூளில் துத்தநாகம் இருக்கு. பிரேக் தூளில் செம்பு இருக்கு. மாசக்கணக்கில் சேர்ந்த அழுக்கில் பெரும்பகுதியை முதல் மழையே வாரிக்கொண்டு போய்விடும்.

டயர் ரப்பரில் சீக்கிரம் விரிசல் விழாமல் இருக்க சேர்க்கும் ஒரு ரசாயனம், காற்று பட்டு மாறி, மழைத் தண்ணீரோடு ஆற்றில் கலந்து சால்மன் மீன்களைக் கொல்வதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2020-ல் கண்டுபிடித்தார்கள்.

மீன் சாவது ஏன்?

ஏரி கெடுவதற்கு பெரிய காரணம் சாக்கடைதான். ஆனால் ரோட்டு மண்ணும் சும்மா வருவதில்லை. பாசிக்கு உரமாகும் சத்துகளையும் சுமந்து வருகிறது. பாசி பெருகினால் ராத்திரியில் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். மண் படியப் படிய ஏரியின் ஆழமும் குறையும்.

தூர் வாரினால் போதுமா?

கால்வாயில் தூர் வாரி, அந்த சேற்றை ரோட்டு ஓரத்திலேயே குவித்து வைத்தால், அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போய்விடும். செய்த செலவு வீண்!

பழைய தாரை சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. வீடுகள் பள்ளமாகிவிடக்கூடாது என்பதற்காக வந்த நல்ல உத்தரவு. ஆனால் சுரண்டிய துகளை உடனே அள்ளாவிட்டால் அதுவும் கால்வாய்க்குத்தான் போகும்.

என்ன செய்யணும்?

அக்டோபரில் வடகிழக்கு பருவமழை தொடங்கும் முன்பே ரோட்டு ஓர மண்ணைக் கூட்டி அள்ள வேண்டும். வாரிய தூரை லாரியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும். கால்வாயில் மண் தங்கும் தொட்டிகளை காலி செய்ய வேண்டும். மெக்கானிக் கடைக்காரர்களும் கழிவு ஆயிலை கால்வாயில் ஊற்றக்கூடாது.

ஏரிக்குள் இறங்கி சுத்தம் செய்வதைவிட, ரோட்டில் துடைப்பம் போடுவது செலவு குறைவு.