பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை: எப்போ காத்திருக்கலாம், எப்போ ஓடணும்

இன்னைக்கு சாஃப்ட்வேர் பேச்சு இல்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்த நாலாவது நாள், ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தா முகம், நெஞ்சு எல்லாம் மஞ்சள். "காலை வெயில்ல காட்டுங்க, சரியாயிடும்"னு பாட்டி சொன்னாங்க. நாங்க டாக்டர்கிட்ட போனோம். அங்க கேட்டுப் புரிஞ்சுக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின்னு ஒரு மஞ்சள் நிறமி உருவாகுது. அதைக் கல்லீரல் மாத்திக் கொடுத்தாதான் மலத்தோட வெளியே போகும். பிறந்த குழந்தைக்குச் சிவப்பணு அதிகம், அதோட ஆயுளும் குறைவு. கல்லீரலோ இன்னும் முழு வேகத்துக்கு வரல. வர்ற டிக்கெட் நூறு, முடிக்கிற ஆள் ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. அதனாலதான் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 2, 3-ஆம் நாள்ல மஞ்சள் தெரியுது. பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தானா குறையும்.

அப்போ பயம் எதுக்கு? அளவு ரொம்ப ஏறினா பிலிரூபின் மூளைக்குள்ள போயிடும். காது கேட்காமப் போகலாம், கை கால் அசைவு பாதிக்கலாம். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. கண்ணால பார்த்து அளவு சொல்லவும் முடியாது. தோல்ல வைக்கிற கருவியோ ரத்தப் பரிசோதனையோதான் வழி. குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு பார்த்துத்தான் அந்த எண் ஆபத்தா இல்லையான்னு முடிவு பண்றாங்க.

பாட்டி சொன்னதும் வெறும் கதை இல்லை. 1950-கள்ல இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில ஜீன் வார்டுங்கிற நர்ஸ், வெயில் பட்ட இடத்துல குழந்தையோட மஞ்சள் வெளுத்திருக்கிறதைக் கவனிச்சாங்க. அதுலேருந்து வந்ததுதான் போட்டோதெரபி. நீல ஒளி பட்டா பிலிரூபின் மூலக்கூறோட வடிவம் மாறி, கல்லீரல் மாத்திக் கொடுக்காமலே வெளியேறும். ஆனா வெயில்ல அந்த ஒளி எவ்வளவு கிடைக்குதுன்னு தெரியாது. புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து வரும். சிகிச்சைக்குப் பதில் அது ஆகாது.

வீட்ல செய்ய வேண்டியது: ஒரு நாளைக்கு 8-லேருந்து 12 தடவை தாய்ப்பால். சர்க்கரைத் தண்ணி, கீழாநெல்லிச் சாறு வேண்டாம். அந்துருண்டை போட்டு வெச்ச துணியைக் குழந்தைக்குப் போடாதீங்க. ஜி6பிடி குறைபாடு இருந்தா சிவப்பணு மளமளன்னு உடையும்.

உடனே ஓட வேண்டியது: முதல் 24 மணி நேரத்துலயே மஞ்சள், பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருக்கிறது, கீச்சுக் குரல் அழுகை, உடம்பு வில்லா வளையறது. ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தாலும் காட்டணும். மலம் வெளுத்துப் போனா பித்தநாள அடைப்பா இருக்கலாம். அதுக்கு அறுவை சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது.

எங்க மருமகன் ரெண்டு நாள் நீல விளக்குக்கு அடியில இருந்தான். இப்போ நல்லா இருக்கான். சந்தேகம் வந்தா ஜன்னலை நம்பாதீங்க, அளந்து பாருங்க.