ஷட்டருக்குள்ளே, பரணுக்கு மேலே

பாதி இறக்கிய ஷட்டருக்கடியில் குனிந்து நுழைவதில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருக்கிறது. மணி இரவு பத்து. மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து, அதில் ஒரு சுங்குடிச் சேலைக் கடை. பகலில் இங்கே எத்தனையோ முறை பேரம் பேசியிருக்கிறேன். கல்லாவுக்கு அங்கிட்டுக் கால் வைப்பது இன்றுதான். வாருங்கள், செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே தரை முழுக்கச் சேலை.

விஷயம் இதுதான். முதலாளியின் வீடு வைகைக்கு வடக்கே. கடையில் எட்டு கேமரா. வீட்டில் படுத்தபடியே அவற்றைச் செல்போனில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் ஆசை. கேமராப் படங்கள் பதிவாகும் பெட்டி, அதாவது டிவிஆர், பழசு. புதுப் பெட்டிகளைப் போல ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் வேலை முடிந்துவிடாது. ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ போட வேண்டும். அதற்காக வந்திருக்கிறார் கேமரா மாட்டும் தம்பி. கூடவே ஏணி பிடிக்க ஒரு பொடியன்.

ரவுட்டரைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம். பரண்மேல், சாமி படங்களுக்குப் பின்னால், நாலு ஆண்டெனாவோடு தியானத்தில் இருக்கிறது. ஒரு ஆண்டெனாவில் காய்ந்த மல்லிகைச் சரம். நெற்றியில் குங்குமம் வேறு! “ஆயுத பூஜைக்கு வச்சது, எடுக்க மனசு வரல” என்கிறார் கணக்கெழுதும் அக்கா. ஏறிய தம்பி தும்முகிறார், இறங்கி மறுபடி தும்முகிறார். சட்டையெல்லாம் ஒட்டடை. ஃபேனைப் போட முடியாது, விரித்த சேலைகள் பறக்கும். ஆகவே எல்லோரும் வியர்க்கிறோம், சமத்துவமாக.

லேப்டாப் திறக்கிறது, கஞ்சிப்பசை மணக்கும் சேலைக்கட்டுதான் மேசை. “தம்பி, இதை எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்” என்றேன். “அக்கா, நீங்க காம்பவுண்டு வீட்ல இருந்திருக்கீங்கள்ல?” என்றார்.

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவுக்கு ஒரே கதவு, ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம். வாசல் வீட்டு அப்பத்தாவுக்குத் தெரியாமல் யாரும் உள்ளே போக முடியாது. ரவுட்டர்தான் அந்த அப்பத்தா. உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள் என்று நினைவு வைத்திருந்து, பதில் வந்ததும் சரியான குடித்தனத்துக்கு அனுப்பும். யாரும் கூப்பிடாமல் வெளியிலிருந்து வருகிறவரைத் திண்ணையோடு திருப்பிவிடும். ‘இன்ன எண்ணைச் சொல்லிக்கொண்டு ஒருத்தர் வந்தால் கேமராப் பெட்டி இருக்கும் அறைக்கு அனுப்பு’ என்று அப்பத்தாவின் காதில் போட்டுவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இப்படிச் சொல்லிவைக்க 65,535 எண்கள் இருக்கின்றன. தம்பி தேர்ந்தெடுத்த ஐந்திலக்க எண் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

முதலில் டிவிஆரை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமாம். 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகளை ரவுட்டர்தான் பிரித்துக் கொடுக்கிறது. கரண்டு போய் வந்தால் மாற்றியும் கொடுத்துவிடும். அப்பத்தா மூன்றாவது அறைக்கு ஆள் அனுப்ப, பெட்டியோ ஏழாவது அறைக்குக் குடிபோயிருக்கும். அதனால் “நீ எப்பவும் 50” என்று நிரந்தரமாக எழுதிவைத்தார். எழுதி முடிக்கவும் கரண்டு போனது. நிஜமாகத்தான். இருட்டில் எல்லோரும் சிரித்தோம், முதலாளி மட்டும் மின்வாரியத்தோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். கரண்டு வந்ததும் பார்த்தால் பெட்டி 50-லேயே இருந்தது. இலவசமாக ஒரு பரீட்சை!

அடுத்தது கடவுச்சொல். பெட்டியில் கம்பெனிக்காரர் வைத்த அதே பழைய சொல். தம்பியின் முகம் மாறியது. 2016-இல் ‘மிராய்’ என்றொரு கிருமி, இப்படி மாற்றாமல் விட்ட அறுபத்துச் சொச்சம் கடவுச்சொற்களைச் சாவிக்கொத்துபோல வைத்துக்கொண்டு உலகமெங்கும் கேமராக்களிலும் டிவிஆர்களிலும் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றையெல்லாம் படையாகத் திரட்டி ஏவியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும்கூட பலருக்குத் திறக்கவில்லை. இதைக் கேட்ட முதலாளி கவலையாகி, “அப்ப மீனாட்சி ஒண்ணு ரெண்டு மூணுன்னு வைப்போமா?” என்றார். தம்பி பதில் சொல்லாமல் கணக்கு அக்காவைப் பார்த்தார். அக்கா ரகசியமாக எதையோ தட்டினார். பெரிய சொல், கொஞ்ச நேரம் தட்டினார்.

“அப்படியே கணக்கெழுதுற டேலி கம்ப்யூட்டரையும் வீட்ல திறக்கிற மாதிரி பண்ணிடுப்பா.” இது முதலாளியின் அடுத்த விண்ணப்பம். “அதை இப்படித் திறந்துவிட்டா ஒரு நாள் கணக்கு மொத்தமும் பூட்டிருவாய்ங்க, அவுக்கப் பணம் கேட்பாய்ங்க. அதுக்கு விபிஎன், அதாவது பூட்டுப் போட்ட தனிப் பாதை வேணும், இன்னொரு நாள் வர்றேன்.” கூலி கூடும் வேலையைத் தானாக ஒத்திப்போட்ட அந்தத் தம்பியை எனக்குப் பிடித்துப்போனது.

போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் நாலு கட்டத்தை நிரப்பினார், சேமித்தார். என் செல்போனிலிருந்து தட்டிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. ரவுட்டரின் ஒரு பக்கத்தைத் திறந்தவர் தலையில் கைவைத்தார். “நூறுல ஆரம்பிக்குதுக்கா!”

வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியது. அதாவது கடைக்கென்று தெருவில் சொந்தக் கதவு எண்ணே இல்லை. பழைய முறையில் உலகத்துக்கு மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். பங்கிட்டுக் கொடுக்கும் தலைமைக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் நெட் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே கதவுக்குப் பின்னால் வைக்கின்றன. நம் அப்பத்தாவுக்கு வெளியே தெருமுனையில் இன்னொரு பெரிய அப்பத்தா. அவர் காதில் ஓத நமக்கு அனுமதி கிடையாது.

தனி முகவரிக்கு, அதாவது ஸ்டேட்டிக் ஐபிக்கு, மூன்று நாள் முன்பே பணம் கட்டியாயிற்று. யாரோ பொத்தானை அமுக்க மறந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டோம். நல்ல இசைதான், இருபது நிமிடம் கேட்டால் யாருக்கும் பிடிக்காது. சந்துமுனையில் கொத்துப் பரோட்டா கொத்தும் தாளம் அதோடு சேராமல் தனியாக ஓடியது. கடைசியில் தம்பி, லைன் பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு நேராகப் போன் போட்டார். “அண்ணே, தூங்கிட்டீங்களா?” மதுரையில் இப்படிக் கேட்பதே ஒரு மரியாதைதான். அண்ணன் தூங்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். ரவுட்டர் அணைந்து எரிந்தது. நூறு போயே போச்சு.

“வைஃபையை அணைங்க. உள்ள நின்னுக்கிட்டு வெளிவாசலைத் தட்டுனா சில ரவுட்டருக்குப் புரியாது. வெளிய போய்ப் பார்ப்போம்.” பொடியனைக் கேமராவுக்குக் கீழே நிறுத்தி, கையை ஆட்டிக்கொண்டேயிரு என்று சொல்லிவிட்டு, பருத்திப்பால் வண்டிவரை நடந்தோம். முதலாளி செல்போனை நெஞ்சோடு அணைத்து வந்தார். வட்டம் சுற்றியது. சுற்றியது. பட்டென்று எட்டுக் கட்டங்கள்! நான் கத்தியே விட்டேன், பருத்திப்பால்காரர் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது கட்டத்தில் பொடியன் கையாட்டிக்கொண்டிருந்தான். முதலாளி அவனைப் பார்க்கவில்லை. முதலில் கல்லாவைப் பார்த்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, “அந்தப் பச்சைச் சுங்குடியை எவன்யா தரையில போட்டது?” என்றார். தம்பி நாலு பருத்திப்பால் சொன்னார், ஒன்று பொடியனுக்குப் பார்சல். அது ஆறும்வரை நின்று பேசினோம். சேலை, வெயில், சித்திரைத் திருவிழாக் கூட்டம், எல்லாம். செல்போனில் பொடியன் இடது கைக்கு மாறியிருந்தான்.