குறிகட்டுவானில் ஏறும் மூட்டை

யாழ்ப்பாணத் தீவகத்தில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்கள் ஏறுமுன் சாமான் ஏறும். அரிசி, கோதுமை மா, சீனி, வெங்காயம், கோழித்தீன், யாரோ ஒருவரின் புதுக் கட்டிலின் கால்கள். ஒருவர் மேலிருந்து தூக்கிக் கொடுப்பார். மற்றவர் படகின் விளிம்பில் ஒரு காலும் துறையின் சீமெந்தில் ஒரு காலுமாக நின்று வாங்குவார். அலைக்குப் படகு எழும்பும் நொடி பார்த்துத்தான் மூட்டை கைமாறும். தாழும்போது கொடுத்தால் மூட்டை கடலுக்குள், வாங்குபவரின் முதுகும் அத்தோடு சரி.

இந்த மூட்டை யாருக்கு, எத்தனை கிலோ, ஏன் இவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. நான் ஒவ்வொரு தடவையும் நின்று பார்க்கிறேன்.

இதே கடலில் மூட்டையை மறித்த நாட்கள் உண்டு. 1987 மே கடைசியில் வடமராட்சியில் இலங்கைப் படையின் நடவடிக்கை தொடங்கியது. அதற்கு முன்பே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருள் வருவது இறுகியிருந்தது. ஜூன் 3ஆம் தேதி இராமேஸ்வரத்திலிருந்து 19 மீன்பிடிப் படகுகள் அரிசியும் பருப்பும் மருந்தும் ஏற்றிக்கொண்டு செஞ்சிலுவைக் கொடியோடு புறப்பட்டன. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. நெடுந்தீவுக்காரருக்கு அது தெரியாத கடல் இல்லை. அவர்களுடைய பாட்டன்மார் பாய்மரம் கட்டிப் போய் வந்த கடல்.

மறுநாள் இந்தியாவின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் காவலுடன் வந்து யாழ்ப்பாணத்தின் மேல் பொதிகளை இறக்கின. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். சனம் முற்றத்துக்கு ஓடி வந்து கைதட்டியது. போட்டது சுமார் 25 தொன். ஏழு இலட்சம் பேருக்கு அதைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு பிடி அரிசிகூடத் தேறாது. அன்று கைதட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்களையும் யாரோ நினைக்கிறார்கள் என்பது அந்த நாளில் பெரிய விசயம். ஆனால் வானத்திலிருந்து சாப்பாடு விழுகிறது என்றால் தரையிலும் கடலிலும் வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். 2024இல் காசாவிலும் பரசூட்டில் பொதி விழுந்தது. சில பொதிகள் ஆட்களின் மேலேயே விழுந்து உயிரைக் குடித்தன. கடலில் மிதக்கும் துறை ஒன்றைக் கட்டினார்கள், அதை அலை உடைத்தது. 2025 ஓகஸ்ட்டில் அங்கே பஞ்சம் என்று உலகம் முறைப்படி அறிவித்தபோது, எல்லைக்கு வெளியே லொறிகள் பொருளோடு காத்து நின்றன.

எங்கள் வீட்டுக் கதை 1990க்குப் பிந்தியது. அந்த ஜூனில் சண்டை மீண்டும் மூண்டது, மின்சாரம் நின்றது, தடைப்பட்டியல் வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம், மெழுகுதிரி. கடலும் தடை. கடல்வலயச் சட்டத்தால் வள்ளம் கரையேறிக் கிடந்தது. வெளியாருக்கு இது விளங்குவதில்லை. தீவகத்துச் சனம் கையேந்திப் பழகிய சனம் இல்லை. மீன், பனை, மழைக்காலத்து நெல், கொழும்பில் கடை வைத்த உறவினர் அனுப்பும் காசு, இவற்றால் வாழ்ந்தவர்கள். கடலை மூடிய பிறகுதான் நிவாரண அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டி வந்தது.

1991 ஒக்டோபரில் படை தீவுகளுக்குள் இறங்கியபோது வேலணையிலிருந்து நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். பண்ணைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்சி, இந்தப் பக்கம் இன்னொரு ஆட்சி. எங்கள் வீடு இருந்த திசையை அம்மா பண்ணைக் கரையிலிருந்து கையால் காட்டுவார். போகத்தான் முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் காவலில் பருத்தித்துறைக்குக் கப்பல் வந்தால் சங்கக்கடையில் மா இருக்கும். கப்பல் பிந்தினால் ஒடியல்மாப் பிட்டு, ஒடியல் கூழ். பனையை நட்டவர்கள் இதை அறிந்தே நட்டார்களோ என்று அந்த நாட்களில் நினைத்ததுண்டு.

இரவில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறும் அளவு மண்ணெண்ணெய், வளைத்த கம்பியில் நூல்போல ஒரு திரி. போத்தலே சிமினி. அம்மா எண்ணெயைக் கரண்டியால் அளந்து விடுவார், சிந்தினால் விரலால் துடைத்துத் திரியிலேயே தடவுவார். அந்த வெளிச்சத்தில்தான் அண்ணா சோதனைக்குப் படித்தார்.

பக்கத்து வீட்டு ஆச்சி நெடுந்தீவுக்காரி. அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "அரிசி இருந்தது தம்பி, வர வழிதான் இருக்கேல்லை."

ஆச்சி படிக்காதவர். ஆனாலும் மணிமேகலைக் கதை அவருக்குத் தெரியும், ஏனென்றால் அது எங்கள் ஊர்க் கதை. அதில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது இங்கே பிள்ளைகளும் சொல்வது. மழையில்லாமல் சாவக நாட்டில் சனம் சாகிறது என்று கேள்விப்பட்டு, ஆபுத்திரன் அமுதசுரபியோடு கப்பல் ஏறினான். காற்றுக்கு ஒதுங்கிக் கப்பல் மணிபல்லவத்தில் நின்றது. அவன் இறங்கியதை அறியாமல் கப்பல் போய்விட்டது. கையில் வற்றாத பாத்திரம், கொடுக்க ஆளில்லாத தீவு. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு அவன் உண்ணாமல் உயிர் விட்டான். நிவாரணம் போய்ச் சேராமல் நின்ற முதல் கதையாக இதை நான் படிக்கிறேன். உணவு இருந்தது, பசித்தவர் இருந்தார், கொடுக்கும் மனமும் இருந்தது. கப்பல் மட்டும் தவறியது. இன்று நயினாதீவில் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு அமுதசுரபி என்ற பெயராலேயே ஒரு மண்டபத்தில் அன்னதானம் நடக்கிறது.

2009இல் கப்பல் தவறவில்லை, மறிக்கப்பட்டது. புலம்பெயர்ந்தோர் வன்னிச் சனத்துக்கென்று சேர்த்து 'வணங்கா மண்' கப்பலில் அனுப்பிய 884 தொன் பொருளை இலங்கைக் கடலில் மறித்துத் திருப்பினார்கள். சென்னையில் இறக்கி, வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிய அந்தப் பொருள் கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கிடந்தது. யாருக்காகச் சேர்த்தார்களோ அவர்களில் பலர் அதற்கு முன்பே முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனார்கள். ஒவ்வொரு மே மாதமும் அவர்கள் நினைவாக உப்பும் அரிசியும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியைச் சிரட்டையில் வாங்கிக் குடிக்கும்போது எனக்கு அந்தத் துறைமுகக் கொட்டகைதான் கண்ணில் நிற்கிறது.

நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022 மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து ஒரு கப்பல் 9,000 தொன் அரிசியும் 200 தொன் பால்மாவும் மருந்தும் ஏற்றிக் கொழும்புக்குப் புறப்பட்டது. தமிழ்நாட்டு அரசு அறிவித்த 40,000 தொன் அரிசியின் முதல் பங்கு அது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் திரும்பிப் போன அரிசி இம்முறை யாரும் மறிக்காமல் வந்தது. வந்த வழியைப் பாருங்கள். இராமேஸ்வரம் நெடுந்தீவுக்குக் கொழும்பைவிட எவ்வளவோ கிட்ட. ஆனால் அரிசி சென்னையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து லொறியில் யாழ்ப்பாணம், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான், பிறகு படகு. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த வருடத்து மின்வெட்டில் அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஜாம் போத்தல் ஒன்றை எடுத்துத் திரி போட்டார். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது தீவகத்து வள்ளங்களும் மறுபடி கரையேறின. இம்முறை எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

படகும் மாறித்தான் இருக்கிறது. 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். மாவிலித்துறையில் அந்த நாளில் இப்போதும் பூவும் தீபமும் வைக்கிறார்கள். குமுதினி போருக்குப் பிறகும் ஓடியது. 2017இல் அவுஸ்திரேலிய உதவியோடு கட்டிய நெடுந்தாரகை வந்தது. பழுதானால் சனம் துறையில் காத்துக் கிடக்கும். நெடுந்தீவு வைத்தியசாலையிலிருந்து அவசர நோயாளியைக் கடற்படைப் படகு ஏற்றிக்கொண்டு வருகிறது. இராமேஸ்வரத்துப் படகுகளைத் திருப்பிய அதே கடற்படை. ஆச்சி இருந்திருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஏறுகிற நோயாளிக்கு யாருடைய படகென்று கேட்க நேரமில்லை.

கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்தால் படகு நாட்கணக்கில் நிற்கும். அதனால் ஐப்பசியில் குறிகட்டுவானில் மூட்டைகள் வழமையைவிட உயரமாக அடுக்கிக் கிடக்கும். போன முறை ஒரு அம்மா தன் மா மூட்டையை ஈரம் படாத மூலையில் வைக்கச் சொல்லிப் படகுக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். படகுக்காரர் இரண்டு தரம் இடம் மாற்றினார். மூன்றாம் தரம் தன் பையிலிருந்த சாரத்தை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.