புல்லுக்கு இறைக்கும் நீர்

2024 மார்ச்சில் பெங்களூருவில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கு அபராத ரசீது வந்தது. தோட்டம், கார் கழுவுதல் போன்றவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்த அந்நகரக் குடிநீர் வாரியம் தடை போட்டிருந்தது. மீறினால் 5,000 ரூபாய். மறுபடியும் மீறினால் நாளுக்கு இன்னொரு 500. சில நாட்களுக்குள் 22 வீடுகளிலிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலானது.

சென்னைக்காரர்கள் இதைப் பார்த்து வியந்திருக்க மாட்டார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர் அவர்களுடையது. ஆனாலும் மழை இரண்டு வருடம் நன்றாகப் பெய்துவிட்டால் போதும், புதுவீட்டு வாசலில் கொரியன் புல் விரிந்துவிடுகிறது. பின்னாலேயே இணையக் கடையிலிருந்து ஸ்பிரிங்ளர் பெட்டியும் வந்து இறங்குகிறது. 'நீங்களே பொருத்திக்கொள்ளலாம்' என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். பொருத்தலாம்தான். அதற்குமுன் ஒரு பேனாவும் தாளும் வேண்டும்.

புல்வெளி ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்வோம்; அது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர் தேவை. கோடையில் புல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் 465 லிட்டர் ஆகிறது. நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு அளவுகோல். ஆக, அந்தப் புல்வெளி மூன்றரை ஆட்கள் உள்ள இன்னொரு குடித்தனம். சம்பில் அவர்களுக்கும் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது அழுத்தம். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மாடிவீட்டு மொட்டைமாடி டேங்க் ஒரு பாரைக்கூட எட்டுவதில்லை. தரையிலிருந்து எழும்பித் தெளிக்கும் ஸ்பிரிங்ளருக்கோ இரண்டு பார் வேண்டும். சுழன்று தெளிக்கும் பெரிய வகைக்கு மூன்று. டேங்க் பைப்பில் நேராக மாட்டினால் அழுகிற குழந்தையின் மூக்கு மாதிரி ஒழுகும், அவ்வளவுதான். பலர் பணத்தை வீணடிப்பது இந்த இடத்தில்தான். சரி என்று மோட்டார் வைத்தால் அடுத்த சிக்கல்: பதினைந்தடி ஆரத்தில் முழு வட்டமாகத் தெளிக்கும் ஒரு ஸ்பிரிங்ளர் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் குடிக்கும். நான்கை ஒன்றாகத் திறந்தால் ஆயிரம் லிட்டர் டேங்க் பதினெட்டே நிமிடத்தில் காலி. பிறகு மோட்டார் வெறும் காற்றை இழுத்துக் கருகும். டேங்க் காலியானதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

அந்த மோட்டாரைத் தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மாட்டி உறிஞ்சுவது சட்டவிரோதம். குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் வெற்றிடம் உண்டாகிறது; அப்போது மண்ணோடு கிடக்கும் ஸ்பிரிங்ளர் வழியாகச் சேறும் உரக்கரைசலும் பின்னோக்கி ஏறலாம். குழாய்க்கோளாறு ஆளைக் கொல்லுமா என்று கேட்பவர்களுக்கு 1933 சிகாகோ ஒரு பதில். உலகக் கண்காட்சிக்கு வந்து இரண்டு விடுதிகளில் தங்கியவர்களுக்கு, கழிவுநீர் கலந்த குடிநீரால் அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி, தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீட்டில் இதற்குத் தீர்வு எளிது: தோட்டத்துக்கென்று சம்பிலிருந்து தனி லைன், அதில் தண்ணீரைப் பின்னோக்கி விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. சமையலறை லைனில் கிளை எடுக்க வேண்டாம். குளியலறைக் கழிவுநீரை மறுபடி பயன்படுத்துகிறவர்கள் தெளிப்பதை விட்டுச் சொட்டுநீருக்குப் போவது நல்லது. அழுக்குத் தண்ணீரின் சாரலை யாரும் மூச்சில் இழுக்க வேண்டியதில்லை.

ஈரமண், வெறுங்கால், இரும்பு உடம்புள்ள மோட்டார். இந்த மூன்றும் சேரும் இடம் புல்வெளி. பல வீடுகளில் எம்.சி.பி. இருப்பதையே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வயரில் மின்சாரம் மிகுந்தால் அது விழும். ஆள் மீது பாய்ந்தால் விழாது. அதற்கு, மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவை. மோட்டாருக்குப் புது வயர் இழுப்பதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணைய விதி. பல்பு, சுவிட்ச், ஃபேன் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டுமே விலக்கு. ஸ்பிரிங்ளர் வால்வுகளுக்குப் போகும் 24 வோல்ட் வயரை வீட்டுக்காரர் தாமே இணைத்துக்கொள்ளலாம். கடப்பாரையை இறக்குமுன் மின் கேபிள், கேஸ் குழாய், மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே என்று பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்து, வாங்கிய பொருளே பழுதென்றால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இங்கே கைகொடுக்கிறது, ஆனால் ஒரு கையால்தான். சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளர் அதனால் நேரும் தீங்குக்குப் பொறுப்பு. அதே சட்டம், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் சொல்கிறது. எல்லோரும் அறிந்த ஆபத்தை எச்சரிக்கவில்லை என்றும் தயாரிப்பாளரைக் குறைசொல்ல முடியாது. அளவு சேரவில்லை என்று பிளேடால் அறுத்து ஒட்டிய வால்வோடு நீதி கேட்கப் போனால் முதலில் அந்த ஒட்டைத்தான் காட்டுவார்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற ரசீது வாசகத்துக்கு அஞ்ச வேண்டாம். பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ரசீதே தராததும் அப்படித்தான். இணையக் கடையென்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வாங்குபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம். விலையையும் ஒரு தடவை பார்க்கலாம்: 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்பிரிங்ளர், சொட்டுநீர் அமைப்புகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. (நுண்ணீர்ப் பாசன மானியம் விவசாயிகளுக்கு. வாசல் புல்லுக்குக் கேட்டால் வேளாண் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.)

பைப்பை மண்ணால் மூடுமுன் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஒழுக்கு பார்ப்பதும், ஒவ்வோர் இணைப்பையும் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் பலர் விட்டுவிடுகிற வேலைகள். நுகர்வோர் ஆணையத்தில் அந்தப் படம் சாட்சி. பிளம்பருக்கோ, எங்கே தோண்டுவது என்று காட்டும் வரைபடம்.