புகையின் நிறமும் எஞ்சினின் நிலையும்

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸடர் கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி அதற்கு முன்னரே விடைபெற்றது. எனினும் இவ்வகைப் பழைய வண்டிகள் நம் நாட்டில் இன்றும் ஆங்காங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றின் பின்புறத்திலிருந்து புகை வரக் கண்டதும் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே தீர்ப்பு வழங்கப்படுகிறது: ‘எஞ்சினை இறக்கவேண்டும், சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போடவேண்டும்.’ சில வேளைகளில் இது சரியே. ஆனால் சிறிய ரப்பர் அடைப்பு ஒன்றை மாற்றினால் தீரக்கூடிய குறைக்கும் இதே தீர்ப்பு வழங்கப்படுவதுண்டு. மறுபுறம், அசட்டையாக விடப்பட்ட வெண்புகை இரண்டொரு நாளில் எஞ்சினையே கெடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே வண்டியை நம்பி வெளியூர் செல்வோர் புகையின் மொழியை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் குறையற்ற எஞ்சினில் நடப்பது யாதெனக் காண்போம். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோகிராம் காற்று தேவை. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9 கன மீட்டர் காற்று. பெட்ரோலிலுள்ள கரி கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது பிறக்கும் நீராவியைக் குளிர்வித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குளிர்ந்த கண்ணாடித் துண்டு ஒன்றைப் புகைக்குழாயின் அருகே சற்றுநேரம் பிடித்தால் அதில் நீர்த்துளிகள் படிவதை மாணவர்களுக்கு எளிதில் காட்டலாம். எனவே டில்லியின் மார்கழிக் காலையிலோ உதகமண்டலத்திலோ, எஞ்சினைக் கிளப்பியதும் தோன்றும் மெல்லிய வெண்புகையைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. குழாயைவிட்டுச் சில அடி தூரம் சென்றதும் அது காற்றில் மறையும். எஞ்சின் சூடேறியபின் அறவே நின்றுவிடும்.

அங்ஙனம் நில்லாமல், எஞ்சின் நன்கு சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை தொடருமாயின் ரேடியேட்டரின் நீர் சிலிண்டருக்குள் புகுகிறது என ஐயுறவேண்டும். சிலிண்டர்க் கட்டைக்கும் அதன் மூடிக்கும் இடையேயுள்ள ஹெட் காஸ்கெட் பழுதுற்றிருக்கலாம். மூடியிலேயே கீறல் விழுந்திருக்கவும் கூடும். ரேடியேட்டரில் கிளைகால் கலந்த திரவம் இருப்பின் புகையில் இனிய வாடை வீசும். வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றப்பட்ட வண்டியில் அவ்வாடை இராது. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, பிறகு கிளப்பிப் பார்க்கவும். நீரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தால் சிலிண்டரின் வாயு அங்கே கசிகிறது என்பது தெளிவு. சூடான எஞ்சினில் இம்மூடியைத் திறப்பது பேராபத்து. எண்ணெய் அளவுகோலில் மசகெண்ணெய் பால் கலந்த காப்பிபோல் காணப்பட்டால் நீர் அங்கும் சென்றுவிட்டது எனலாம். அந்நிலையில் வண்டியை ஒரு மைல் தூரமும் ஓட்டலாகாது. நீரும் குறையவில்லை, எண்ணெயும் தூய்மையாயிருக்கிறது, ஆயினும் வெண்புகை வருகிறது என்றால் பிரேக் திரவத்தின் அளவைப் பார்க்கவேண்டும். வெற்றிடத்தின் துணையால் பிரேக்குக்கு வலுவூட்டும் சாதனம் பொருத்திய வண்டிகளில், அதன் அடைப்புக் கெட்டால் பிரேக் திரவம் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு வெண்புகையாக எரியும். இது அரிது. ஆனால் இதில் ஆபத்து எஞ்சினுக்கன்று, வண்டியில் இருப்போருக்கு.

நீலப்புகை மசகெண்ணெய் எரிவதன் அடையாளம். எண்ணெயின் மிக நுண்ணிய துளிகள் ஒளியிலுள்ள நீலப் பகுதியை அதிகமாகச் சிதறச் செய்வதால் அந்நிறம் தோன்றுகிறது. நீராவியின் துளிகள் அவற்றினும் பெரியவை. எல்லா நிறங்களையும் ஒருசேரச் சிதறச் செய்வதால் வெண்மையாகத் தெரிகின்றன. கரித்துகள் ஒளியை விழுங்குவதால் கறுப்பாகத் தெரிகிறது.

எண்ணெய் சிலிண்டருக்குள் செல்ல முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. கீழிருந்து தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கடந்து மேலேறலாம். அல்லது மேலிருந்து வால்வுத் தண்டுக்கும் அதன் கைடுக்கும் இடையே வழிந்து இறங்கலாம். முன்னதற்குச் செலவு மிகுதி, பின்னதற்குக் குறைவு. ஆதலின் இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே பரிசோதனையின் உயிர்நிலையாகும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நீண்ட இறக்கமுள்ள சாலை ஒன்று போதும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வண்டியை இறங்கவிடுக. அப்போது காற்றுவழி மூடியிருப்பதால் உட்குழாயில் வலுவான வெற்றிடம் உண்டாகி, தளர்ந்த வால்வு கைடுகளின் வழியே எண்ணெயை இழுக்கும். அடிவாரத்தில் மீண்டும் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு நீல மேகம் கிளம்பிச் சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டால் குற்றம் வால்வுப் பக்கத்தது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்பும்போது மட்டும் நீலமாகக் கக்குவதும் அதே காரணத்தாலேயே. மாறாக, மேட்டில் பாரத்துடன் ஏறும்போது நீலப்புகை இடைவிடாது வருமாயின், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென அடிக்குமாயின், வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்துள்ளன என்க. இம்முடிவுக்கு வருமுன் எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா, எஞ்சின் அடியறையின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நன்று. அடைபட்ட மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்ததும் புகை நின்றுவிடுவதுண்டு.

எவ்வளவு எண்ணெய் சென்றால் புகை தெரியும்? நான்கு சிலிண்டர்கள் கொண்ட 1489 கன சென்டிமீட்டர் அம்பாஸடர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழலும்போது 4000 முறை வெடிப்பு நிகழ்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 1000 கிலோமீட்டர் செல்ல 20 மணி நேரம். அதற்குள் 48 லட்சம் வெடிப்புகள். இத்தூரத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் குறைந்தால், ஒவ்வொரு வெடிப்பிலும் எரிவது ஒரு கடுகில் ஏறத்தாழ எட்டிலொன்று அல்லது பத்திலொன்று மட்டுமே! அத்துணை சிறு அளவே சாலையில் நமக்குப் பின்னால் வருவோரை முகஞ்சுளிக்க வைக்கிறது.

ஐயம் எஞ்சியிருப்பின் அமுக்கமானியைப் பயன்படுத்தலாம். எஞ்சின் சூடாயிருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, மின்பொறி இணைப்பையும் நீக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தி, ஸ்டார்ட்டரால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் குறித்துக்கொள்க. அளவுகள் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் அமைந்தால் திருப்தியே. ஒன்றில் மட்டும் குறைந்தால் அதனுள் ஒரு தேக்கரண்டி மசகெண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவும். அமுக்கம் உயர்ந்தால் வளையம் தேய்ந்துள்ளது. எண்ணெய் தற்காலிகமாக இடைவெளியை அடைத்தது. உயராவிடில் வால்வையே ஐயுறவேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் ஒருங்கே குறைந்திருந்தால் அவற்றின் இடையே காஸ்கெட் கிழிந்திருக்கலாம். பட்டறையில் எஞ்சினை இறக்கச் சம்மதிக்குமுன் இந்த நான்கு எண்களைக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் கடமை என்பது எம் கருத்து.

கரும்புகையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. திரியை மிதமிஞ்சித் தூண்டிய மண்ணெண்ணெய் விளக்கு கரி கக்குவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்: எரிபொருள் மிகுதி, காற்று குறைவு. காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருக்கும். சோக் இழுத்தபடி சிக்கியிருக்கும். கார்புரேட்டரின் மிதவை ஊசி சரிவர மூடாதிருக்கும். மலையூர்களில் மற்றொரு காரணமும் உண்டு. லே நகரம் போன்று 3500 மீட்டர் உயரத்திலுள்ள இடங்களில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. சமவெளிக்கெனச் சீர்செய்த கார்புரேட்டர் அங்கு இயல்பாகவே கரும்புகை தரும். அதனை எஞ்சினின் நோய் எனக் கருதிப் பழுதுபார்க்க முற்படுதல் வீண். ஆயினும் சமவெளியிலும் தொடரும் கரும்புகையை அப்படியே விடலாகாது. மிகுந்த பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவதால் வளையங்கள் விரைவில் தேய்ந்து, இன்றைய கரும்புகை நாளைய நீலப்புகையாகும்.

டீசல் ஜீப்புகளில் வெண்புகைக்கு மற்றொரு பொருளும் உண்டு. குளிரிலோ, அமுக்கம் குறைந்தாலோ, டீசல் தாமதமாகப் பீச்சப்பட்டாலோ எரியாத டீசலே வெண்மையாக வெளிவரும். கண்ணைக் கரிக்கும் அதன் வாடையால் நீராவியினின்று பிரித்தறியலாம்.

புகையே தெரியாத வண்டி குற்றமற்றது என்றும் கொள்ளற்க. கார்பன் மோனாக்ஸைடு நிறமோ மணமோ அற்ற நச்சுவாயு. பழைய பெட்ரோல் கார்களுக்கு, வெறுமனே ஓடும் நிலையில், 3 சதவீதம் வரையே இவ்வாயுவை விதிகள் அனுமதிக்கின்றன. மாசுச் சான்றிதழுக்கான கருவியே இதனை அளக்கவல்லது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே கேடு. புகைக்குழாயின் இணைப்புகள் துருப்பிடித்து, வண்டியின் அடித்தகட்டிலும் ஓட்டை விழுந்திருப்பின் இவ்வாயு உள்ளே இருப்போரை அடையும். இதனைச் சோதிக்க, திறந்த வெளியில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கழியில் சுற்றிய தடித்த ஈரத்துணியால் குழாயின் வாயைச் சில விநாடிகள் அடைக்கவும். இணைப்புகள் சரியாயிருந்தால் எஞ்சின் திணறும். எங்கேனும் கசிவிருந்தால் அவ்விடத்தில் ‘உஸ்’ என்ற ஓசை கேட்கும்.